மேற்படி

ஒரு வட்டம், அதற்கு ஒரு காம்பு.
காம்பு இருந்தால் அது ‘டி’. உதிர்ந்துவிட்டால் ‘ஓ’.
என் தப்பு மொத்தமும் அவ்வளவுதான்,
ஒரு நெல்லின் உயரம்கூட இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து. கண்டோன்மென்ட் கோயிலின் பின்னறை.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழின் ஞானஸ்நானப் பதிவேடு.
பெயர்த்து எழுத, பக்கத்துக்கு நாலு ரூபாய்.
கடைசிக்கு முந்தின வரியில் ஒரு கைக்குழந்தை, ஹாரியட்;
தகப்பன், சார்ஜென்ட் கிளாட்வின், பீரங்கிப் படை.
கடைசி வரியில் ஒரு பையன், ஆர்தர்,
வயது ஆறு இருக்கலாம்.
தாயின் கட்டத்தைப் பூச்சி தின்றிருந்தது.
தகப்பன் கட்டத்தில் இரண்டு எழுத்து: டி, ஓ.
மேற்படி என்று எழுதிக்கொண்டேன்.

பெற்றவன் தன் பிள்ளைக்கு வயது
‘இருக்கலாம்’ என்றா சொல்வான்?
அன்றைக்கு அது உறுத்தவில்லை. கரண்ட் போய்விட்டது.
அடுத்த பக்கம் ரொசாரியோவின் பங்கு.

காக்ஸ் டவுன் டென்சில் ஆர்தர்
தன் தாத்தாவின் அப்பாவைத் தேடி
அந்த மாதமே வந்தார், டெலிபோன் தொழிற்சாலையில் பிட்டர்.
நான் அவருக்கு ஒரு வெள்ளைக்காரனைக் கொடுத்தேன்,
முத்திரை குத்தி, ரசீது போட்டு.

பிறகு நடந்ததற்கெல்லாம் நான் பொறுப்பு:
வாசல் பலகையில் கிளாட்வின்.
பேரனின் பள்ளிச் சான்றிதழில் ஜோயல் கிளாட்வின்.
ஓசூர் ரோட்டில் சாய்ந்து கிடந்த ஒரு கல்லறை
ஒவ்வொரு நவம்பரும் வெள்ளையடித்துக்கொண்டது.
அவர் மூக்குகூடக் கொஞ்சம் நீண்டுவிட்டதாக
மனைவி கிரேஸ்மணி சொல்வாராம்.

போன மாதம் ரொசாரியோவின் மகன்
அப்பாவின் நோட்டுகளைச் சாக்கில் போட்டு அனுப்பினான்.
அந்த அடுத்த பக்கம். பத்தொன்பது வருஷம் கழித்துத் திருப்பினேன்.
பெஞ்சமின். சார்லஸ். டேனியல். எட்வின்.
பிரெடெரிக், ஜார்ஜ், ஹென்றி,
இப்படியே வில்லியம் வரைக்கும்.
எல்லோருக்கும் ஒரே நாள். எல்லோருக்கும் ‘இருக்கலாம்’.
தகப்பன் கட்டத்தில், காம்பு உதிராமல்,
டி, டி.
ஓரத்தில் ரொசாரியோவின் பென்சில்:
செத்துப்போனார் என்பதற்கு இந்தக் குமாஸ்தாவின் சுருக்கம்.

பஞ்ச வருஷம். கோலார் ரோட்டில் பொறுக்கிவந்த பிள்ளைகள்.
பாதிரியார் அகர வரிசையில் பெயர் வைத்திருக்கிறார்,
ரேஷன் மூட்டைக்கு நம்பர் போடுகிற மாதிரி.
ஆர்தர் யாருக்கும் மகன் இல்லை.
முதல் எழுத்து.

நேற்றுப் போய்ச் சொன்னேன்.
டென்சில் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
“அந்தக் கல்லுக்கு எத்தன டப்பா சுண்ணாம்பு தெரியுமா?” என்றார்.
சிரிப்பா கோபமா தெரியவில்லை.
சமையலறையிலிருந்து கிரேஸ்மணி:
“சர்டிபிகேட்ல பேர் மாத்த நோட்டரிக்கு எவ்ளோ ஆகும்?”
நான் தருகிறேன் என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை.
ஹாரியட் ஏழாம் மாதமே போய்விட்டாள்,
சார்ஜென்டுக்கு வேறு வாரிசில்லை என்பதையும் சொன்னேன்.
ஏன் சொன்னேனோ.

ஜோயல் மட்டும் ரொசாரியோவின் நோட்டை
விரலால் கீழே கீழே படித்துக்கொண்டு போனான்.
“எக்ஸ்க்கு யாருமே இல்ல,” என்றான்.
டென்சில் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.
அவருடைய ஆர்தர் அதில் இல்லை; அவன் முந்தின பக்கம்,
அன்னியர் வரிக்குக் கீழே தனியாக.

“இந்த பெஞ்சமின் வூட்டு ஆளுங்க
இப்ப எங்க இருக்காங்க மேடம்?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
பார்க்க வேண்டிய புத்தகம் அதே அலமாரியில்,
இரண்டாவது தட்டில் இருக்கிறது.
அடக்கப் பதிவேடு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு.
மற்றதைவிட மூன்று மடங்கு தடிமன்.
இன்னும் நான் அதைத் திறக்கவில்லை.